வியாழக்கிழமைக் கோலம்

விண்ணப்பப் படிவங்களில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் நான் வாழ்நாள் முழுவதும் பொய்தான் எழுதியிருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்தபோது 'புத்தகம் படித்தல்'. தேனாம்பேட்டை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது 'தபால்தலை சேகரிப்பு'. மதுரைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அண்ணன் கேட்டபோது, வாயில் வந்த முதல் வார்த்தையாக 'செஸ்' என்று சொல்லிவிட்டேன். அவர் நேரே உள்ளே போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கேசரி ஆறுவதற்குள் தோற்றுப்போனேன். "மாப்பிள்ளை விட்டுக்குடுத்துப் போறவர்" என்று மாமனாருக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தோல்வியால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உண்மையான பதில், கோலம். ஆறடி உயரம், மீசை, இளவயதிலேயே சற்றுத் தள்ளிய தொப்பை, இத்தனையும் உள்ள ஒரு ஆம்பிளைக்குப் பிடித்த காரியம் கோலம் போடுவது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சின்ன வயதில் தி.நகரில் குடியிருந்தோம். எனக்கு இரண்டு அக்காக்கள். அவர்களிடம் ஆளுக்கொரு கோல நோட்டு இருந்தது. எனக்குக் கணக்கு நோட்டைவிட அது பிடித்தது. பதினொரு வயதில் ஒருநாள், அக்காவுக்குப் பரீட்சை என்பதால், நானே வாசலில் உட்கார்ந்து ஒரு தாமரையைப் போட்டுவிட்டேன். தெருமுனையில் கிரிக்கெட் ஆடவந்த பையன்கள் பார்த்துவிட்டார்கள். பத்தாம் வகுப்பு முடிகிறவரைக்கும் எனக்குப் பெயரே 'தாமரை'தான். பந்து போடுகிறவன்கூட "தாமரை, ரெடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓடிவருவான். அதோடு வாசல் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

ஆனால் காகிதத்தை விடவில்லை. அலுவலகத்தில் கோப்புகளின் ஓரத்தில், கூட்டங்களில் கொடுக்கும் குறிப்புத்தாளில், பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில், எங்கே நாலு விரல் இடம் கிடைத்தாலும் புள்ளி வைத்துவிடுவேன். மார்கழி பிறந்தால் வாரப் பத்திரிகைகளில் கோலம் போடுவார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்வேன். பாண்டி பஜார் நடைபாதையில் கோலப் புத்தகம் வாங்கும்போது, கேட்காத கடைக்காரரிடம், "வீட்ல கேட்டாங்க" என்று நானாகச் சொல்வேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சிக்குக் கோலம். ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். நான் தொடங்கி முடித்த காரியங்கள் குறைவு. தட்டச்சில் ஹையர் கிரேடு, இந்தி வகுப்பு, பதவி உயர்வுப் பரீட்சை, காலை ஓட்டம் எல்லாம் பாதியில் நிற்கின்றன. சிக்குக் கோலம் மட்டும் ஒவ்வொரு தடவையும் முடிந்தது. முடிகிற அந்த இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ சின்னதாக உட்காரும். இதைவிடப் பெரிய சந்தோஷம் எல்லாம் மனிதர்களுக்கு உண்டுதான், எனக்கு இது போதுமானதாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். எட்டு வீட்டுக்கும் ஒரே வாசல். மற்ற மாதங்களில் வாட்ச்மேனின் மனைவி இரண்டு இழை இழுத்துவிட்டுப் போவாள். மார்கழியில் மட்டும் அது வீட்டுப் பெண்களின் முறை. ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில் தனி ஆளாக ஒரு ஓய்வுபெற்ற இன்ஜினியர். மிச்சம் ஆறு வீடு, ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து. மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டியின் மேல் இந்தப் பட்டியலை ஒட்டிவைத்திருந்தவர் எங்களுக்கு மேல்வீட்டு மாமி. எங்கள் நாள் வியாழக்கிழமை.

என் மனைவி அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்குத் தெரிந்தது ஒரே கோலம்: இரண்டு முக்கோணத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட நட்சத்திரம். முந்தைய வருஷம் எல்லா வியாழக்கிழமையும் அதே நட்சத்திரம் வாசலில் உதித்தது. அளவு மட்டும் துல்லியமாக இருக்கும். ஸ்கேல் வைத்துப் போட்டாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அடுத்த மார்கழியில் முதல் வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். "முடியலைன்னு மாமிகிட்ட சொல்லிடுங்க" என்றாள். அதற்குள் நான் போர்வையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். காய்ச்சல் மனைவிக்கு, குதூகலம் எனக்கு. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டேன். சென்னை மார்கழிக்குக் குரங்குக் குல்லா போடுகிறவனை ஊரே திரும்பிப் பார்க்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

தண்ணீர் தெளித்த தரை பாதி காய்ந்து, பாதி ஈரமாக இருக்கவேண்டும். அந்தப் பதத்தில் மாவு ஒட்டும், கரையாது. பதினைந்து புள்ளி வைத்து, இடையிடையே ஊடுபுள்ளியாகக் குறைத்து எட்டில் நிறுத்தினேன். இருபத்தைந்து வருஷம் காகிதத்திலேயே கிடந்த கை. முதல் வளைவில் மாவு குபுக்கென்று கொட்டியது. இரண்டாவதில் கொஞ்சம் அடங்கியது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து இழை தானாக இறங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு வானொலியில் நாகஸ்வரம் கேட்டது. நான் உட்கார்ந்தபடியே தவளை மாதிரி நகர்ந்து நகர்ந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா சார், நீ குந்திக்கினு கீற? வூட்ல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"ஆமாப்பா, காய்ச்சல்."

"அதான் பார்த்தேன்" என்று பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சொன்னது சத்தியமான உண்மை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். ஏனென்றால் அதுதான் கடைசி.

அடுத்த வியாழன் அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அரையாண்டு விடுமுறை. தூங்கட்டுமே என்று பெரிய மனது பண்ணுவதுபோல் நானே போனேன். அன்று சாயங்காலம் மாடிப்படியில் இரண்டு பெண்கள் அவளை நிறுத்தி, "என்ன கை உங்களுக்கு! போன வருஷம் ஏன் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "நீங்க போட்டதுக்கு நான் சிரிச்சுட்டு நிக்கணுமா? உண்மையச் சொன்னா என்ன?"

நான் கெஞ்சினேன். பக்கத்துத் தெருவில் என் அலுவலகத்துக்காரர் ஒருவர் குடியிருக்கிறார், தெரிந்தால் தேனாம்பேட்டை முழுக்க என்னைத் தாமரை என்று கூப்பிடும் என்றேன். அவளுக்குப் பொய் வராது. விடைத்தாளில் அரை மதிப்பெண்ணைக்கூட யாருக்கும் கூட்டிப் போடாதவள். "மார்கழி முடியிற வரைக்கும்தான்" என்று எனக்காக ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது வியாழக்கிழமை பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி வந்தே விசாரித்தார். "இன்னும் சரியாவலியா சார்? இன்னா சொல்றாரு டாக்டரு?"

"பார்த்துட்டு இருக்காங்க" என்றேன். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டதாகவும் ஞாபகம்.

அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்தபோது மேல்வீட்டு மாமி படியில் காத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல். முழங்கால் வலி. ஒரு படிக்கு ஒரு மூச்சு நிற்பார். எங்களை மிகவும் பிடிக்கும் அவருக்கு.

"ஏன்ப்பா, பால்காரன் சொன்னான். மூணு வாரமா நீதான் வாசல்ல கோலம் போட்டுண்டிருக்கியாமே? நிஜமா?"

நான் சாப்பாட்டுப் பையைக் கைமாற்றிக்கொண்டேன். மாமியே குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அவளைக் குனியப்படாதுன்னு டாக்டர் சொல்லிருக்காளா? ஏதாவது விசேஷமா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. 'விசேஷம் உண்டா' என்ற கேள்வியைக் கல்யாண வீடுகளில், பஸ் நிறுத்தத்தில், ஆசிரியர் அறையில், எல்லா இடத்திலும் அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் யாரும் கேட்பதில்லை. அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் இரண்டு வருஷம் போய்வந்தோம். ஒருநாள் வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது "போதுங்க" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இதெல்லாம் தெரிந்த நான், அந்தப் படியில் நின்றுகொண்டு, "எனக்குக் கோலம் போடப் பிடிக்கும் மாமி" என்ற ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, "ஆமாம் மாமி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லவேண்டாம்" என்று வேறு சேர்த்தேன்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். நான் மீதிப் படிகளை ஏறி வீட்டுக்கு வந்தேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "காபி வேணுமா?" என்றாள். "வேணும்" என்றேன். விஷயம் காபியோடு உள்ளே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாட வீதிக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு கிண்ணத்தில் மாவடு.

"மேல்வீட்டு மாமி வந்துட்டுப் போனாங்க" என்றாள்.

பையிலிருந்து இரண்டு கத்தரிக்காய் உருண்டு தரையில் விழுந்தன. அவற்றை எடுக்கிற சாக்கில் நான் ரொம்ப நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தேன்.

"கோயில்ல அம்பாளுக்கு அர்ச்சனை பண்ணிட்டு நேரா இங்க வந்தாங்க. நெத்தியில குங்குமம் வெச்சுவிட்டாங்க. அழுதுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "கோலத்துக்காக இதைச் சொன்னீங்களா?"

மேசைக்கு அடியிலிருந்தே "ஆமா" என்றேன்.

"நீங்களே போய்ச் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் எல்லாருக்கும் இல்லை இல்லைன்னு நான் சொல்லியாச்சு. இந்த ஒரு தடவை நீங்க சொல்லுங்க."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, துணி மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமா திறந்தார். "வாப்பா, இந்த ரிமோட் வேலை செய்யலை, என்னன்னு பாரு" என்றார். பேட்டரியைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்துவிட்டு, மாமி கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாமியின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் மகிழ்ச்சியோடு திரும்பினேன். புதன்கிழமை மாலை மீட்டர் பெட்டியைக் கடக்கும்போது பட்டியலைப் பார்த்தேன். வியாழனுக்கு எதிரே எங்கள் வீட்டு எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே மாமியின் வீட்டு எண். படியேறவே மூச்சு வாங்குகிற அந்த அம்மாள், எங்களுக்காகப் பனியில் வந்து குனியப்போகிறார். நான் இத்தனை தூரம் இறங்குவேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

வியாழன் காலை அவருக்கு முன்னால் போய்விடவேண்டும் என்று ஐந்து மணிக்கே இறங்கினேன். மாமி எனக்கும் முந்திக்கொண்டுவிட்டார். தண்ணீர் தெளித்தாகிவிட்டது. ஒரு கையில் கோலமாவு டப்பா, இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்துகொண்டிருந்தார்.

"மாமி, டப்பாவைக் குடுங்க."

"நீ எதுக்குடாப்பா வந்தே? அவ பக்கத்துல இரு. நான் போட்டுக்கறேன்."

"அவளுக்கு ஒண்ணும் இல்லை மாமி. விசேஷம் எதுவும் இல்லை. நான் பொய் சொன்னேன்."

மாமி நிமிர்ந்தார். நிமிரவும் அவருக்கு நேரமாயிற்று. "பின்னே மூணு வாரமா நீ ஏன் போட்டே?"

"எனக்குப் பிடிக்கும்."

"என்ன பிடிக்கும்?"

"கோலம் போட."

வாட்ச்மேனின் நாற்காலியில் மாமி உட்கார்ந்துவிட்டார். என் முகத்தையே பார்த்தார். "இதைச் சொல்ல வெக்கப்பட்டுண்டா அதைச் சொன்னே?"

தலையாட்டினேன். மாமி டப்பாவை என் கையில் வைத்தார். எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். முதல் மாடியில் நின்றார். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

எனக்கு மேலே போகப் பயம். கீழே ஒரு வேலை இருந்தது, அதைச் செய்தேன். புள்ளிகள் கோணின. குல்லா போட்டுக்கொள்ள மறந்திருந்தேன். பால்காரர் வந்தார். "அம்மாக்கு இன்னும்...?" என்று ஆரம்பித்தார்.

"அம்மா நல்லா இருக்காங்க. அன்னிக்கி மட்டும்தான் காய்ச்சல். நான் ஆசைக்குப் போடறேன்."

"அட, இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா நைனா? நான் பாரு, வடபழனி முருகனுக்கு வேண்டிக்கினு கீறேன்" என்றார். இவருக்கு நான் எந்தக் காலத்தில் என்ன செய்து ஈடுகட்டுவது?

வெளிச்சம் வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் செய்தித்தாளை மறந்து நின்றார். ஓய்வுபெற்ற இன்ஜினியர் பல் குச்சியோடு வந்து, "கோடு அங்க சேராது போலிருக்கே" என்று ஆலோசனை சொன்னார். அவர் சொன்னது சரி. கோடு சேரவில்லை. எங்கேயோ ஒரு வளைவைத் தப்பாகத் திருப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஒரு புள்ளி எதிலும் சேராமல் தனியாக நின்றது. அழித்துப் போட நேரமில்லை. பார்வையாளர்கள் ஏழு பேர். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். யாரும் தாமரை என்று கூப்பிடவில்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இதற்காகவா இருபத்தைந்து வருஷம் பயந்தேன் என்று கோபம்கூட வந்தது.

மேலே போனபோது மாமி கிளம்பிக்கொண்டிருந்தார். மாவடுக் கிண்ணத்தை மனைவி அவரிடம் திருப்பிக் கொடுக்கப் பார்க்க, மாமி அதைத் தள்ளிவைத்தார். "அதுக்காகவா குடுத்தேன்? உனக்குத்தான் குடுத்தேன். வெச்சுக்கோ." என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மனைவி பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டித் தயாராக இருந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. நான் கைகழுவப் போனேன்.

"மாமிகிட்ட ஆமான்னு சொன்னீங்களே" என்றாள். நான்கு நாளில் முதல் பேச்சு. "அந்த நேரத்துல எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்வதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம். 'பயமா இருந்துச்சு' என்று சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"படியேறி வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

"எனக்கு, ஞாயித்துக்கிழமை மாமி இங்க உட்கார்ந்திருந்தாங்களே, அந்த அரை மணி நேரமும் நல்லா இருந்துச்சு" என்றாள். "அதான் இல்லைன்னு சொல்லலை."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கையைக் கழுவாமலே அதை மூடினேன். அவள் அருகில் போய் நின்றேன். என் கையெல்லாம் மாவு. புடவையில் படக்கூடாது என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவளுடைய சாப்பாட்டுப் பையை நான் எடுத்துக்கொண்டு நிறுத்தம்வரை கூடப் போனேன். வாசலில் அவள் ஒரு நிமிஷம் நின்று கோலத்தைப் பார்த்தாள். சேராத புள்ளி அவள் கண்ணில் படாமல் இருக்குமா, பட்டது. கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். அவளையே பார்த்துக்கொண்டு பின்னால் போன நான், நட்டநடுவில் மிதித்துவிட்டேன்.